வரவு

"தினம் ஒன்று எழுதுங்கள்,
பிடித்ததாக ஏதாவது ஒன்று" என்றார்
அஸ்தம்பட்டி டாக்டர்.
பதினாறு வருடம்
ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதியவன் நான்.
மூட்டை, ஈரப்பதம், லாரி வாடகை
எதையும் விட்டதில்லை.
இதற்கு மட்டும் நாற்பத்தொரு நாள்
"இல்லை" என்றே எழுதினேன்.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

காலையில் பாதி மாத்திரை, இரவு ஒன்று.
குளிப்பதென்றால்
ஏற்காட்டுக்கு இருபது வளைவும்
நடந்தே ஏறுவது போல.
வளைவுக்கு வளைவு உட்கார்ந்து
சோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
தமயந்தி எதுவும் கேட்கமாட்டாள்.
வெந்நீரை விளாவி வைத்துவிட்டுப்
பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுவாள்.

நேற்று சாயங்காலம் கரண்ட் போனது.
வீட்டில் ஏற்கெனவே இருந்த இருட்டோடு
இன்னொன்றும் சேர்ந்துகொள்ள
வெளியே வந்தேன்.
பெரிய முடிவெல்லாம் இல்லை.

கன்னங்குறிச்சி ரோட்டில் ஒரு தள்ளுவண்டி.
சார்ஜ் லைட் வெளிச்சத்தில்
தட்டுவடையைக் கையால் நொறுக்கி
பீட்ரூட் துருவல், வெங்காயம்,
சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி.
முழுசாக இருந்ததை உடைத்து
நொறுக்கல் என்று பேர் வைத்து
விற்கிற ஊர் இது.
நின்று வாங்குகிறார்கள்.
உடைந்ததுதானே என்று
ஒருவரும் பேரம் பேசவில்லை.

"காரம் எப்படிங்ணா?"
எட்டு மாதமாக எல்லாரும் என்னிடம்
"இப்ப எப்படி இருக்கு" என்றுதான் கேட்டார்கள்.
"தூக்கலாவே போடு" என்றது வாய்,
என்னைக் கேட்காமல்.

இரண்டாவது வாயில் ஏறியது,
நாக்கு, காது, உச்சந்தலை.
கண்ணில் தண்ணீர்.
இத்தனை நாள்
காரணமே இல்லாமல் வந்தது,
இன்றைக்குக் காரத்தால் வந்தது.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

பக்கத்துப் பையன்
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
சிரித்துவிட்டேன்.
ரொம்ப நாள் சாத்திய ஷட்டர் போல
பாதியில் மாட்டிக்கொண்டது அந்தச் சிரிப்பு.
தெருவிளக்கு இல்லாததால்
வடக்கே மலைப்பாதை தெரிந்தது:
ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
மறைந்து
மேலே வேறோர் இடத்தில் வந்தது.
மறுபடி மறைந்தது.

இரவு நோட்டைத் திறந்து
செலவுப் பக்கம்: நொறுக்கல், நாற்பது ரூபாய்.
வரவுப் பக்கத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
"மூக்கு ஒழுகியது."

இன்று பதினொன்றரை வரை எழவில்லை.
அதையும் எழுதியாக வேண்டும்.
வாளியில் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
குளித்தேன்.
ஏழாவது வளைவில் மட்டும்
சற்று உட்கார்ந்தேன்.