மூன்றாவது வண்டி

இரவு பதினொன்றே முக்கால்.
சால்ட்ஃபியெல் மேட்டில் சூரியன் இன்னும் படுக்கப் போகவில்லை.
ஆர்க்டிக் வட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் தெற்கே
சாலையோரம் நிற்கிறது
இந்த வருடம் வந்த வண்டி.
பக்கத்துக் கல்லில் இருவர்,
ஒரே ஃபிளாஸ்க் மூடியில்
மாற்றி மாற்றிக் காபி.

நான் ஒட்ரூன். இழுவை லாரி ஓட்டுகிறேன்.
மூ-இ-ரானாவிலிருந்து வடக்கே
நின்றுபோன எல்லாவற்றோடும் எனக்கு உறவு உண்டு.

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
முதலில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும்,
பிறகு முறுக்க முறுக்க இழுக்காமல் இருந்திருக்கும்,
பிறகு சிவப்பு.
பிறகு காற்றின் சத்தம் மட்டும்.
ஜூன் மாதத்தில் இது மூன்றாவது.
முதலாவதை ஓட்டிவந்த டச்சுக்காரர்
வழி நெடுகத் திட்டினார், நல்ல தாளத்தோடு.
இரண்டாவது ஒரு பெண். பேசவே இல்லை,
இறங்கும்போது மட்டும் டாங்க்கைத் தட்டிக்கொடுத்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

திரைக்குள் நீர் கோத்திருக்கிறது.
கைக்குட்டையால் துடைக்கிறார் ஹால்வார்ட்.
உள்ளே இருக்கிற ஈரத்தை
வெளியே துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

கப்பலின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம் இருந்தவராம்.
நடுக்கடலில் பிஸ்டனைக் கழற்றி மாட்டிய கை.
இங்கே கழற்ற ஒன்றுமில்லை.
கணினியைச் சொருகினால்தான்
வண்டி தன் நோயைச் சொல்லும்.
அந்தக் கணினி ட்ரொன்ஹெய்மில் இருக்கிறது,
செவ்வாயும் வியாழனும் மட்டும்.
"இருக்கைக்குச் சூடு இருக்கிறது" என்கிறார்,
"கைப்பிடிக்கும் சூடு.
முன்னால் போகிற காரின் தூரத்தை அதுவே அளக்கும்."
குற்றம் சொல்கிறாரா, வக்காலத்து வாங்குகிறாரா,
எனக்கு விளங்கவில்லை.

பக்கத்துத் தகட்டைக் கழற்றி
டார்ச் அடித்தேன், வெளிச்சம் இருந்தும்.
அதே இடம்.
கைப்பிடியை முழுக்க இடப்பக்கம் திருப்பினால்
ஒயர்க் கட்டு விறைத்து
ஒரு போல்ட்டின் தலையில் உரசுகிறது.
உரசி உரசித் தோல் போய்
செம்பு சிரிக்கிறது.
எங்கோ ஒரு மேசையில் யாரோ
மூன்று சென்டிமீட்டர் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.
அன்றைக்கு அவருக்குக் கைதட்டியிருப்பார்கள்.

லாரியில் ஏற்றிப் பட்டை இறுக்கினேன்.
முன்சக்கரத்தில் ரப்பர் முடி இன்னும் உதிரவில்லை.

முன்சீட்டில் மூவர். நடுவில் ஆஸ்லாவ்,
மடியில் இரண்டு ஹெல்மெட்டுகள்.
யாரிடமும் சொல்லாததை
அப்போதும் சொல்லவில்லை நான்:
பிப்ரவரியில் முன்பணம் கட்டியிருக்கிறேன்.
இதே வண்டி. நீல நிறம். ஆகஸ்டில் வரும்.
பதிலாகப் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்:
"மறுபடி வாங்குவீர்களா?"

"திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்றார் ஹால்வார்ட்.
"நாளைக்கே.
இரண்டு தடவை வாரண்டியில் போய்வந்தாயிற்று,
இரண்டு தடவையும் மென்பொருளைப் புதுப்பித்தோம் என்றார்கள்,
மென்பொருள்!"
கண்ணாடியில் பார்த்தபடியே இருந்தார்,
பின்னால் கட்டிக்கிடந்த வண்டியை.

ஆஸ்லாவ் வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
"முந்தாநாள் ஃபியோர்டு ஓரம் ஒரு வளைவு.
அடுத்து இன்னொன்று.
பதினொரு வளைவு, எண்ணினேன்.
நான் பின்னால் இருக்கிறேன் என்பதையே
இவர் மறந்துவிட்டார்.
எனக்குக் கோபமே வரவில்லை."
அப்புறம் தூங்கிப்போனாள்,
ஹெல்மெட்டின் மேல் கன்னம் வைத்து.

மூ-இ-ரானாவில் அவர்களை விடுதியிலும்
வண்டியைக் கொட்டகையிலும் இறக்கினேன்.
மணி மூன்று. கையில் கிரீஸ்.
ஷோரூமுக்கு எழுதினேன், சுருக்கமாக:
டாங்க்கின் இடப்பக்கம் போகும் ஒயர்க் கட்டில்
என் வண்டிக்கு எத்தனை சென்டிமீட்டர்
விட்டிருக்கிறீர்கள்?

காலை ஒன்பதரைக்குப் பதில் வந்தது.
அன்புள்ள வாடிக்கையாளரே,
நீலம் இந்த வருடம் கிடைக்காது.
சாம்பல் சம்மதமா?

இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
டேப் சுருள் ஒன்றைத் தனியே எடுத்து
இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

சாம்பலும் மோசமில்லை.