இரண்டு ஜோபின்கள்

பாஸ்போர்ட்டில் ஜோபினுக்கு இருபத்தொன்று.
இன்னும் பிளேடு படாத மேலுதடு.
நான் டைம் கீப்பர், முகம் பார்ப்பது என் வேலையில்லை.
விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தால்
ஆள் வந்தாச்சு.

குளச்சல் ஏஜென்ட் நான்கு வருடத்தை
எண்பதாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறான்.
வருடத்துக்கு இருபதாயிரம் விழுகிறது.
(கணக்குப் பார்க்கும் புத்தி,
தூக்கத்திலும் விடுவதில்லை.)

தோஹா, இண்டஸ்ட்ரியல் ஏரியா, முப்பத்தெட்டாம் தெரு.
சம்பள நாளில் ஏடிஎம் வாசலில் எங்கள் வேன்.
ஆயிரம் ரியால் அடிப்படைச் சம்பளம்
ஒரு நாள் தாமதிக்காது, ஒரு ரியால் குறையாது.
எந்த அதிகாரி வந்து பார்த்தாலும்
வங்கிக் கணக்கு
தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும்.

பிறகு வேனின் பின்கதவு.
ஃபோர்மேன் பரமகுரு மடியில் பிஸ்கட் டப்பா.
நான் 'ட்ரெய்னி' என்று எழுதிய பெயர்கள்
ஒவ்வொன்றாக வந்து
முந்நூற்றைம்பதைத் திருப்பிப் போடும்.
ஆறு பெயர். ஆறும் மீசை முளைக்காதவை.
என்ன பயிற்சி என்று ஒருவரும் கேட்டதில்லை.
கம்பி சுமப்பதுதான் பாடமென்றால்
முதல் நாளே தேறிவிட்டார்கள்,
தோளில் முத்திரைகூட இருக்கிறது.

அந்த டப்பாவிலிருந்து
மாதம் நூறு ரியால் எனக்கு வரும்.
அதை எந்தக் காலத்திலும் நான் குறித்ததில்லை.

ஒரு மதியம், வெயிலுக்கு வேலை நிறுத்திய நேரம்,
டைம்ஷீட்டின் மேல் நிழல் விழுந்தது.
"அண்ணா, பாஸ்போர்ட்டுல உள்ள ஜோபினுக்குத்தான்
ஆயிரமா?"
ம்.
"எனக்கு அறுநூத்தம்பதா?"
பேனாவை மூடினேன், திறந்தேன்.
"அவன் எந்த சைட்டுல வேல செய்யான்?"

அன்றிலிருந்து அந்த இன்னொருவனை
நானும் தேடுகிறேன்.
இருபத்தொரு வயது, வியர்க்காத சட்டை,
சட்டம் மொத்தமும் அவன் பக்கம்.
புகார் சொல்ல ஒரு ஜன்னல் உண்டு அவனுக்கு,
சொல்லத்தான் ஒன்றுமில்லை.
இவனுக்குச் சொல்ல நிறைய உண்டு.
ஆனால் ஜன்னலுக்குப் போனால்
பிறந்த தேதியில் ஆரம்பிப்பார்கள்.
"வாயத் திறந்தா ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான்"
என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருக்கிறான்.
தன்னையும் பையனையும் சொன்னானா,
இரண்டு ஜோபின்களையும் சொன்னானா,
தெரியவில்லை.

நவம்பர் சம்பளம்.
ஐந்து பேர் போட்டாயிற்று.
ஜோபின் நோட்டுகளை எண்ணினான், மறுபடி எண்ணினான்,
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.
"இன்னைக்கு எனக்குப் பதினெட்டு தெகஞ்சுது."
பரமகுரு சிரித்தார்.
"உனக்கு எங்கடா பதினெட்டு?
பேப்பர்ல இருபத்திரெண்டு நடக்குது."
"செரி, இருபத்திரெண்டுன்னே வச்சிக்கிடுங்க.
அந்த வயசு ஆளுக்கு
நீங்க என்னத்தப் படிச்சுக் குடுக்கீங்க?"

வேனில் ஏசி மட்டும் ஓடியது.
ஐந்து பேரும் டப்பாவைப் பார்த்தார்கள்,
முதல் தடவையாக,
அது என்ன பிஸ்கட் என்று வாசிப்பதுபோல்.

அடிக்கவில்லை. திட்டவுமில்லை.
"நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார்.
நாளைக்கு என்பதன் அர்த்தம்
எங்கள் கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும்.

இரவு போர்ட்டா கேபினில்
அடுத்த மாதத் தாளை விரித்தேன்.
ஜோபின் பெயருக்கு நேரே 'ஹெல்பர்' என்று எழுதினேன்.
கை நிற்காமல்
கீழே இருந்த ஐந்துக்கும் எழுதிப் போனது.
வீரமில்லை இது. என் நூறு ரியாலை
நான் திருப்பிக் கொடுக்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஆபீஸிலிருந்து கணக்கர் பினோய்:
"ஆறு வரி மாறியிருக்கே,
எழுத்துப் பிழையா?"

வெளியே வேன் ஹார்ன் அடிக்கிறது.
ஜோபின் விரல் வைக்கிறான், பச்சை.
போன் காதில்தான் இருக்கிறது.
"ஹலோ" என்கிறார் பினோய்,
"லைன்ல இருக்கீங்களா?"