நாற்பத்தொன்றாம் கட்டை

தேக்கு மிதக்கும். அதற்கு ஆற்றைத் தெரியும்.
இது மிதக்காது.
பர்மியர் பியின்கடோ என்பார், நம்மவர் இருள் என்பார்.
காட்டில் இதன் காய் வெயிலில் வெடித்தால்
கூடாரத்தில் தூங்குகிறவன் துப்பாக்கி என்று எழுந்து உட்காருவான்.
இருளைத் தனியாக ஆற்றில் விட முடியாது.
இரு பக்கமும் மூங்கில் கட்டி
நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவதுபோல்
கூட்டிவர வேண்டும்.

அந்த ஐப்பசியில் கயிறு அறுந்தது.
மூங்கில் மட்டும் மௌல்மீன் வந்து சேர்ந்தது.
பேரேட்டில் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு.
மானேஜர் அந்த இடைவெளியை விரலால் தொட்டார்.
கட்டை எண்ணும் கணக்கன் நான்:
மாதம் பதினொரு கியாட், மூன்று மாதம் பிடித்தம்.

'ஆறு தின்றதற்கு நாம் ஏன் பட்டினி?'
ராக்காயி ஒரே முறை கேட்டாள்.
அவள் அப்புறம் கேட்காததைத்தான்
பதினாறு வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனி போயிற்று. சர்க்கார் பலகை மாட்டிற்று.
மில்லில் பாதிப் பேர் கப்பலேறினார்கள்.

இந்தச் சித்திரையில் சால்வீன் வற்றி
கோ பியூவின் வலை எதிலோ சிக்கிக் கிழிந்தது.
முதலை என்று ஈட்டியால் குத்தினானாம்,
ஈட்டி வளைந்தது.
போய்ச் சேற்றை வழித்தேன்.
கம்பெனி முத்திரை. அதன் கீழே
சொந்த ஞாபகத்துக்கு நான் உளியால் கீறிய ௪௰௧,
ஓரம் மழுங்காமல்.
இன்று என்னால் அவ்வளவு நேராகக் கீற வராது.

வன இலாகாவில் சொன்னேன். 'ரசீது?' என்றார்கள்.
ரம்பம் வைத்தோம். நான்கு பல் போயிற்று.
கிடைத்தது ஒரு பிடித் தூள்,
அதற்கே அரைமணி தும்மினோம்.

ராக்காயி வந்தாள்.
கட்டையைப் பார்க்கவில்லை, படகுகளைப் பார்த்தாள்.
'குழி வெட்டி நடுங்கள்' என்றாள்.
பதினெட்டுப் பேர், இரண்டு எருமை,
நாள் முழுக்கக் கெட்ட வார்த்தை.
சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது.

வெள்ளம் ஏறினாலும் இறங்கினாலும்
எல்லாப் படகும் இப்போது அதில்தான் கட்டுகிறார்கள்.
கட்டுகிறவன் ஒரு படிச் சென்னாக்கூனி தர வேண்டும்.
சமையல்கட்டுச் சுவரில்
அவள் கரியால் கோடு போட்டு வருகிறாள்.
வட்டி வேண்டாமாம்.
முப்பத்து மூன்று ஆனதும்
யாரும் சும்மா கட்டிக்கொள்ளலாமாம்.

இன்னும் பதினான்கு பாக்கி.