வடிகட்டி

மேட்டுப்பாளையம் ரயில் குன்னூரில் நின்று
தண்ணீர் குடிக்கும்போது
பிளாட்பாரத்தின் கோடியில் நிற்பேன்.
எனக்கு மிஞ்சிய ஒரே கொதிகலன் அது.
வால்வு சீறுகிற தொனியை வைத்தே
அழுத்தம் எவ்வளவென்று சொல்லிவிடுவேன்.
யாரும் கேட்பதில்லை.

வியாழன் மதியம் சாக்கோ வீடு,
பெட்போர்டுக்கு மேலே இரண்டாவது வளைவு.
மூன்று பேர். போன வருடம் ஐந்து.
வெலிங்டனிலிருந்து இளம் அதிகாரிகள் சிலர்
கேக்குக்காகவும் கதைக்காகவும் வருவார்கள்.

போருக்கு முந்தைய கதைகளில் எங்களுக்குள் சண்டையில்லை.
அப்போது கடற்படை என்பது பெரும்பாலும் பெயின்ட்.
காலையில் சுரண்டு, மதியம் பூசு,
அட்மிரல் வருகிறார் என்றால்
காயாததன் மேலேயே இன்னொரு கோட்டு.
பித்தளையில் முகம் தெரியவேண்டும்;
யார் முகம் என்று எவரும் சொன்னதில்லை.
ஐந்து ரூபாய்ப் பந்தயத்துக்காகப் பெள்ளியப்பா
முழுச் சீருடையில் கொச்சித் துறைமுகத்தில் குதித்தான்,
வாளைக் கழற்ற மறந்து.

பிறகு டிசம்பர்.
எரியக்கூடியதையெல்லாம் இறக்கு என்று உத்தரவு.
திரைச்சீலை, சோபா, கேரம் போர்டு.
மெஸ் பியானோவை எட்டுப் பேர் தூக்கிக்
கரையில் வைத்துத் தார்ப்பாய் போட்டோம்.
ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.
அடுத்து, பெயின்ட்டும் எரியுமாம்.
ஏழு வருடக் கோட்டுகளைச் சுரண்டினோம்,
சாம்பல், அதனடியில் வெள்ளை, அதனடியில் சாம்பல்.
கடைசியில் இரும்பு வந்தது.
ஒரு விரல் கனம்கூட இல்லை.
எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

இங்கேதான் கதை இரண்டாகப் பிரியும்.
பிரிட்ஜில் நின்ற சாக்கோ சொல்வார்:
சோனாரில் தெளிவான எதிரொலி,
ஆழ்வெடிகள் பன்னிரண்டு,
காற்றில் எண்ணெய் வாசனை.
பெள்ளியப்பா சொல்வான்: எட்டு.
வாசனை நம்முடைய புகைபோக்கி.
பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள்.

நான் என்ன கண்டேன்.
நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தேன்,
நாற்பத்தெட்டு டிகிரியில், இடுப்புத் துண்டு நனைந்து.
போரை நான் பார்க்கவில்லை, கேட்டேன்:
வெளியே நின்று யாரோ கப்பலைத் தட்டி
உள்ளே யார் என்று விசாரிப்பதுபோல.
எத்தனை தட்டு என்று எண்ணவில்லை.

மூன்று நாற்பதுக்குக் கண்டென்சர் வேக்குவம் சரிந்தது.
கடல்நீர் வடிகட்டியைத் திறந்தோம்,
நானும் ஸ்டோக்கர் போஜனும்.
கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரன்,
பதினெட்டு வயதுவரை கடலைக் காலண்டரில் பார்த்தவன்.
கூடை முழுக்க மத்தி.
கண் பிதுங்கி, வயிறு வெடித்து,
டார்ச் வெளிச்சத்தில் இன்னும் பளபளத்துக்கொண்டு.
ஒந்து, எரடு, மூரு என்று
தன் பாஷையில் எண்ண ஆரம்பித்தவன்
நாற்பதில் நிறுத்தினான்.
'சார், எழுதணுமா?'

'வடிகட்டி அடைப்பு. சுத்தம் செய்யப்பட்டது.'
ஓர் எழுத்தும் பொய்யில்லை.

சாக்கோவுக்கு அந்த இரவுக்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது.
கண்ணாடிச் சட்டத்துக்குள் அது,
கேக் வைக்கிற மேஜைக்கு நேர் மேலே.

போஜனை இப்போதும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன்,
சட்டைப்பையில் இலைக் கணக்குச் சீட்டோடு.
'சார், இன்னிக்கு மத்தி வந்திருக்கு, வாங்கலையா?'
ஐம்பது வருடமாக ஒரே பகடி. இருவரும் சிரிப்போம்.
போன மாதம் சிரிக்கவில்லை.
டீக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டான்:
'மீனுக்குக் கீழ வேற ஒண்ணும்
இல்லேன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?'

இந்த வியாழன், கதை முடிந்ததும்
மீசை முளைக்காத லெப்டினன்ட் ஒருவன்
என் பக்கம் குனிந்தான்.
'சார், கீழே உங்களுக்குக் கேட்டதா?'
சாக்கோவின் கோப்பை சாஸரில் லேசாக ஆடியது.
பெள்ளியப்பா ஜன்னலைப் பார்த்தான்; ஜன்னலில் மூடுபனி.

'கேட்டது' என்றேன்.

என்ன கேட்டது என்று பையன் கேட்கவில்லை.
மணி மூணேகால். கீழிறங்கும் ரயில் ஊதியது.
அழுத்தம் கொஞ்சம் குறைவு.