அண்ணன்மார் எத்தனை பேர்

தோடு, சங்கிலி, கைக்கடிகாரம்,
உள்ளாடையின் சின்னக் கொளுக்கி.
உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது.
தாலி இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

சிவபாதசுந்தரம் என்ற அப்பாவின் பெயர்
படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்கவில்லை.
ரெகூலா மன்னிப்புக் கேட்டாள். ஆய்வு மாணவி.
என் சுட்டுவிரலையும் மோதிரவிரலையும்
மில்லிமீட்டரில் அளந்தாள்.
கருப்பையில் எந்த ஹோர்மோன் எவ்வளவு ஊறியது என்று
விரல்கள் சொல்லக் கூடுமாம்.
சொல்லாமலும் விடக் கூடும் என்றாள்.
அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக
அவளை எனக்குப் பிடித்துப் போனது.

எந்தக் கையால் எழுதுவீர்கள்?
இடது. சோறு மட்டும் வலது,
அது அம்மா அடித்துப் பழக்கியது.
அதற்குக் கட்டம் இல்லை.

அண்ணன்மார் எத்தனை பேர்?

சுமந்த ஆண்பிள்ளைகளைத் தாயின் இரத்தம்
மறப்பதில்லை என்று ஒரு கருதுகோள்;
பின்னால் வருகிறவர்களின் மூளையில்
அந்த ஞாபகம் கைவைக்குமோ என்று தேடுகிறார்கள்.
மூன்று என்று எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.
பெயர் வைக்கும் முன் போன ஒருவன் இருக்கிறான்,
எண்பத்தேழில், பங்கருக்குள், ஏழாம் மாதத்தில்.
அம்மா அவனையும் சேர்த்துத்தான் எண்ணுவாள்.
இரத்தம் எப்படி எண்ணும்?
ரெகூலா பேனையை மூடினாள், திறந்தாள், மூடினாள்.
நான்கு என்று போடுங்கள் என்றாள்.

குழாய்க்குள் சுவர் உடைக்கிற சத்தம்.
தண்டவாளத்தையே பார்த்துப் பழகிய ட்ராம் ஓட்டுநர் நான்,
அசையாமல் கிடப்பது சிரமமில்லை.
தலைக்கு மேல் கண்ணாடியில் படங்கள்:
முத்தமிடும் ஒரு சோடி.
கடற்கரையில் ஓர் ஆணின் நனைந்த முதுகு.
அழகான முதுகு.
நல்ல பாலத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.
இடையிடையே நடுநிலைப் படங்கள்:
நாற்காலி, குடை,
அறுத்த பாணில் உருகும் வெண்ணெய்.
காலையிலிருந்து சாப்பிடாதவளுக்கு
அதை நடுநிலை என்று முடிவெடுத்தது யார்?
அந்த இடத்தில் என் மூளையில்
தேர்த் திருவிழா நடந்திருக்க வேண்டும்.

ஊர்ஸ் வீட்டைவிட்டுப் போன பின்
இரண்டு கிழமை அழுதேன்.
சமையலறையில் அவனுடைய வெறும் கொளுவி,
அந்தப் படத்தை இவர்கள் காட்டவில்லை.

குடும்ப வைத்தியர் போன வருடமே
இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்.
எல்லாம் அளவோடு.
அம்மாவுக்குத்தான் ஏமாற்றம்;
குறை என்றால் குளிசை இருக்கும்.
விரதமோ பிள்ளை என்று கேட்டாள்.
விரதத்துக்குப் பசி வேண்டும் அம்மா.

அசையத்தான் கூடாது, நினைக்கலாம்.
பதினைந்து வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்,
கூடல் பிரிதல் இருத்தல் இரங்கல் ஊடல் என்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம் எழுதினார்கள்.
ஒருதலையாய் விரும்பியவர்களுக்கும்
பொருந்தாமல் விரும்பியவர்களுக்கும்கூட
திணை இருந்தது.
எட்டாவது வரும் என்று கொப்பியில் இடம் விட்டேன்.
மணி அடித்துவிட்டது.

முடிவுக்கு ஆறு மாதமாகும்;
தனி ஆளுக்குச் சொல்ல மாட்டோம்,
கூட்டத்தின் சராசரியாகத்தான் வரும் என்றாள் ரெகூலா.
சராசரியில் நான் வருவது
இதுதான் முதல் தடவை.

பாசலில் ரைனைக் கடக்கும் படகில் ஏறினேன்.
குறுக்கே ஒரு கம்பி, அதில் ஓடும் ஒரு கயிறு.
எஞ்சின் எங்கே என்று
சுற்றுலா வந்த ஒருவர் குனிந்து தேடினார்.
இல்லை என்றார் படகுக்காரர்.
பழுதாகிவிட்டதா?
இல்லை, வைத்ததே இல்லை.
சுக்கானைச் சற்றே சரித்தார்.
ஆறு தன் பாட்டில் தள்ளியது.

இறங்குதுறைக்கு வரும் வழியில் வாங்கிய பாணை
பையிலிருந்து எடுத்தேன், வெண்ணெய் பூசியது.
அம்மா அழைத்தாள்.
வாய் நிறையப் பாண். எடுக்கவில்லை.