ஏழாம் எண் தகடு

ஏழு தகரத் தகடுகள் என் பையில்.
திபிலிசி அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்து
கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.
லெஸ்குவாரில் ஏழு கோபுரங்கள்,
ஏழிலும் ஆணியடித்து, படமெடுத்து,
வெள்ளிக்குள் திரும்பிவிட வேண்டும்.

மெஸ்தியாவிலிருந்து நான்கு மணி நேரம்.
வழியில் தேவாலயம் தென்படும்போதெல்லாம்
ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச்
சிலுவைக்குறி இட்டார் ஓட்டுநர்.
தேவாலயங்கள் எல்லாமே
வளைவுகளில்தான் இருந்தன.

பதினோரு கூரைகள்.
புகை நான்கில்.
ஆட்களைவிட நாய்கள் அதிகம்.
கோபுரங்கள் மட்டும்
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன,
பங்காளிச் சண்டை நேற்றுத்தான் நடந்ததுபோல.

முர்ஸகான் ஏணியோடு வந்தார்.
"இது அவர்களுக்குப் பயந்து நாங்கள் கட்டியது.
அது எங்களுக்குப் பயந்து அவர்கள் கட்டியது."
நடுவில் இருப்பது?
"அவன் யாருக்கும் பயப்படாதவன்.
ஊருக்கு அழகாக ஒன்று இருக்கட்டும் என்று கட்டினான்.
முதலில் அவனைத்தான் சுட்டார்கள்."
பல்லிடுக்கில் ஆணி இருந்ததால்
சிரிப்பு பாதிதான் வெளியே வந்தது.

மதியத்துக்குள் ஆறு தகடுகள் ஏறிவிட்டன.
கல் அவ்வளவு இறுக்கம்,
பதினேழு ஆணிகள் வளைந்தன.

தேவாலயச் சாவி லாமராவிடம்.
லாமரா உருளைக்கிழங்கு வயலில்.
"உள்ளே இருப்பவர் எத்தனையோ நூறு வருஷமாய் நிற்கிறார்,
இன்னும் இரண்டு பாத்தி நிற்கமாட்டாரா?" என்று
மண்வெட்டியை என் பக்கம் நீட்டினார்.
அரசு வேலையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளில்
முதல் முறையாகக் கை கொப்பளித்தது.

சாவி, முழங்கை நீளம்.
உள்ளே குளிர், மெழுகு வாசம்.
சுவரில் ஒரு தேவதூதர்,
ஒரு கண்ணைப் பாசி எடுத்துக்கொண்டிருந்தது.
நான் அந்த நீலத்தைப் பார்த்து நின்றேன்.
லாமரா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.
அவர் காலடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்து
வாசலுக்கு வெளியே கவிழ்த்துவிட்டு
அதே இடத்தில், ஒரு விரற்கடை தள்ளாமல், வைத்தார்.
சொட்டு
சரியாக நடுவில் விழுந்தது.

"ஏழாவது எங்கே?"
பட்டியலை விரித்துக் காட்டினேன்.
"மார்ச்சில் பனி சரிந்தது.
ராத்திரி. சத்தம்கூட மெதுவாகத்தான்."
முர்ஸகான் காட்டிய இடத்தில்
சதுரமாய் ஒரு மேடு, அதன்மேல் தும்பைப்பூ அளவில்
ஏதோ வெள்ளைப் பூக்கள்.
கற்கள்?
அவர் லாமராவைப் பார்த்தார்.
லாமரா மலையைப் பார்த்தார்.
"மாடு குளிரில் நிற்குமா?" என்றார் கடைசியில்.

தொழுவத்தின் வடக்குச் சுவர்.
அவரும் நாத்தனாரும் ஒரே கோடையில் எழுப்பியது.
எல்லாக் கல்லையும் இஷ்டத்துக்கு அடுக்கியவர்கள்
துப்பாக்கி நீட்டும் துளையை மட்டும்
கலைக்காமல் பழையபடியே பதித்திருந்தார்கள்.
"காற்று வேண்டுமே."
எத்தனை தலைமுறையை அந்தத் துளை வழியே
குறி பார்த்திருப்பார்களோ.
இப்போது அதில்
ஈரமாய் ஒரு கறுப்பு மூக்கு.

சட்டப்படி இது குற்றம்.
பிரிவு எண்ணும் எனக்குத் தெரியும்.
படிவத்தில் மூன்றே சொற்கள்:
நன்று, சிதைவு, இல்லை.
பேனாவை மூடிவிட்டுச்
சுத்தியலைக் கேட்டேன்.
இந்தச் சுவரில் ஆணி
ஒரே அடியில் இறங்கியது;
மண்ணும் சாணமும் பூசிய இடுக்கு.

இரவு லாமரா வீட்டில் இறைச்சி ரொட்டி,
பூண்டு இடித்த உப்பு.
நாங்கள் யாரும் கோபுரத்தைப் பற்றிப் பேசவில்லை.
கிழங்கு விலை பற்றிப் பேசினோம்.

திங்கட்கிழமை மேலதிகாரி
படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்.
"ஆறும் துல்லியம். ஏழு மட்டும்
ஏன் இப்படிப் புகைமூட்டமாய்?"

மூச்சு விட்டது, என்றேன்.