அறுபத்தோரு நாள்

முதலில் வாங்கியது நாட்டு மருந்துக் கடைப் பார்லி.
"யாருக்குக் கல்லடைப்பு?" என்றார் கடைக்காரர்.
எட்டுக் கிலோ. தெருவுக்கே, என்றேன்.
தீட்டிய பார்லி முளைக்காது என்று
நாலாம் நாள் நாற்றம் சொன்னது.

உமியோடு ராஜஸ்தானிலிருந்து வந்த மூட்டையை
விதைநெல் போலவே கட்டினேன்:
ஓர் இரவு ஊறல், ஈரச் சாக்கு, மேலே ஒரு கல்.
மூன்றாம் நாள் வெள்ளை மூக்கு.
பொரிக்காரர் சட்டியில் இளஞ்சூட்டில் காய்ச்சல்.
நிறம் ஏறக்கூடாது,
அந்த வெளிறலுக்குத்தான் பேரே.

தண்ணீர் என் தொழில்.
நாகை ஆய்வகத்தில் பதினோரு வருஷமாகப்
புட்டியில் வரும் கிணறுகளுக்கு மார்க் போடுகிறேன்.
அந்த இங்கிலீஷ் ஊரின் கிணறுகளில்
ஜிப்சம் கரைந்திருந்ததாம்.
எங்கள் போர்களில் கடல் கரைந்திருக்கிறது.
ஆகவே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் கொள்ளிடம்,
சாதுத் தண்ணீர்,
அதில் களர் வயலுக்குத் தூவுவதை
இருபது கிராம் தூவினேன்.

கூரியரில் வந்த ஹாப்ஸ் பூ, கைநிறைய,
பிறகு இன்னொரு கை, பயணத்துக்கு.

பழைய குறிப்பு
பீப்பாய் கப்பலேறுவதோடு முடிகிறது.
மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது,
ஐந்து மாசம், முனை சுற்றி, குலுக்கி.
என்னிடம் அந்தக் கரை இல்லை.
அது வந்து இறங்கிய கரைதான் இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம்.
கடுவையாற்றில் கட்டிக்கிடந்த சவரிமுத்துவின் படகில்,
ஐஸ் இல்லாத ஐஸ் அறையில்
பால் சொசைட்டி கழித்துப் போட்ட கேன்.
போலீஸ் கேட்டால்?
"வலைக்குச் சாயம்."
வெள்ளமும் வற்றமும் இரண்டு மாசம் ஆட்டின.

ஜூன் பதினாலு சாயங்காலம்.
ஐஸ் லாரி பின்னால் வருகிறது, கேனை எடுத்தாக வேண்டும்.
மூடி சீறியது. டீசல் வாசம், அதற்கடியில்
ஆரஞ்சுத் தோல் மாதிரி ஏதோ.
சவரிமுத்து ஒரு மடக்கு குடித்தான்.
"நெலவேம்பு."
இன்னொரு மடக்கு.
"இதக் குடிக்கவா அவன் அவ்ளோ தூரம் வந்தான்?"
வந்தவனுக்கு அங்கேருந்து அனுப்பினாங்க, என்றேன்.
"அலைல எறங்கி ஒவ்வொண்ணா
உருட்டிக் கரைசேத்தது யாரு?"

குறிப்பில் அந்த வரி இல்லை.

"எங்காளுவதான்" என்று
டம்ளரை மறுபடி நீட்டினான்,
நுரை அடங்கக்கூடக் காத்திராமல்.